வெறும் வயிற்றுடன் வரவும்

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. மலைக்குக் கீழே ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் வேறொரு வேலையாக உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் டாக்டர் நெற்றியில் கை வைத்து நின்றிருந்தார். எதிரே பர்தா அணிந்த பெண் ஒருத்தி, அழுகைக்குச் சற்று முன்னால். பக்கத்தில் இன்னொருத்தி, இடுப்பில் குழந்தையோடு. குழந்தை வைத்திருந்தவள் மற்றவளைக் கேட்டாள்:

"எத்தன சாப்ட்டா?"

கேட்கக் கூடாத நேரத்தில் கேட்ட கேள்வி என்பது டாக்டரின் முகத்தில் தெரிந்தது. கேட்டவளின் முகத்தில் சந்தோஷம்.

நான் பார்த்தது அவ்வளவுதான். மீதி இட்டுக்கட்டியது. பெயர்கள் என்னுடையவை. எரிச்சல் டாக்டருடையது, எழுத எழுத என்னுடையதாகவும் ஆகிவிட்டது.

2

முதல் தொடக்கம்: 'மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. பலா மரங்களுக்கு இடையே—'

வேண்டாம். கொல்லிமலையைப் பற்றி எழுத உட்காரும் எல்லோருக்கும் பனி இறங்குகிறது.

இரண்டாம் தொடக்கம்: 'கலைமணி இருமினாள். கைக்குட்டையில் ஒரு சிவப்புப் புள்ளி—'

இது அதைவிட மோசம். கலைமணியிடம் கைக்குட்டை கிடையாது. நோயும் அவளுக்கு இல்லை. கதைகளுக்குத் தெரிந்த காசநோய் இது ஒன்றுதான். ஒருவர் இருமுவார், இரத்தம் தெரியும், கேட்பவர்கள் திடுக்கிடுவார்கள். குழந்தைக்கு வரும் காசநோயில் இந்தக் காட்சி அனேகமாக நடப்பதில்லை. குழந்தைக்குத் துப்பவே தெரியாது. சளி வந்தால் விழுங்கிவிடும்.

மூன்றாம் தொடக்கம்: 'பூங்குழலிக்கு நான்கு வயது. பொங்கலிலிருந்து அவள் எடை ஏறவில்லை.'

இதை வைத்துக்கொண்டேன். எரிச்சலூட்டும் தொடக்கம்தான். ஏறவில்லை என்பது ஒரு நிகழ்ச்சியா? ஒன்றும் நடக்காததை எப்படிச் சொல்வது? ஆனால் கலைமணிக்கும் இதே சிக்கல்தான். பிள்ளைக்கு என்ன என்று யார் கேட்டாலும் அவளிடம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. "முன்ன மாதிரி இல்லீங்க" என்பாள். அதற்கு மேல் கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது.

3

பூங்குழலிக்கு நான்கு வயது. பொங்கலிலிருந்து அவள் எடை ஏறவில்லை. சாயங்காலமானால் உடம்பு சுடும். விடிந்தால் சுடாது. சோற்றைக் கண்டால் வாயைப் பொத்திக்கொள்வாள். மலைமேல் வளப்பூர் நாட்டில் தன் வயதுப் பிள்ளைகள் மிளகு காயப்போட்ட பாயைத் தாண்டித் தாண்டிக் குதிக்கும்போது இவள் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தூக்கச் சொல்லுவாள்.

கலைமணி தூக்கினாள். தூக்குவது எளிதாகிக்கொண்டே வந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது.

கீழே ஆஸ்பத்திரியில் டாக்டர் கோகிலா சாதாரண நெஞ்சுச் சளிக்கான மருந்தைக் கொடுத்துப் பார்த்தாள். கேட்கவில்லை. எக்ஸ்ரே எடுத்தாள். அதில் சந்தேகம் இருந்தது. சந்தேகத்தை மட்டும் வைத்து ஆறு மாத மருந்தைத் தொடங்க அவளுக்கு மனம் வரவில்லை.

"ஊட்டுல யாருக்காச்சும் ரொம்ப நாளா இருமல் இருக்குதா?"

"இல்லீங்க."

"பக்கத்து வீட்டுல? சொந்தக்காரங்க?"

"யாருக்குமில்லீங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. சின்னப் புள்ளைங்களுக்கு இது பெரியவங்ககிட்ட இருந்துதான் வரும். தானா வராது."

"யோசிச்சுட்டேனுங்க. ஊட்டுல நானு, இவ, சின்னவன். அவ்வளவுதானுங்க."

கோகிலா பெருமூச்சு விட்டாள். அப்படியானால் சளியைச் சோதித்தாக வேண்டும். பெரியவர்கள் என்றால் டப்பாவைக் கொடுத்துத் துப்பச் சொல்லலாம். இது விழுங்கும் வயது. இரவெல்லாம் விழுங்கியது விடியும்போது வயிற்றில் கிடக்கும். எதுவும் உள்ளே போவதற்கு முன்னால் மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு அதை எடுக்க வேண்டும்.

"அதனால வெறும் வயித்தோட கூட்டியாங்க."

"தண்ணி குடுக்கலாங்களா?"

"தண்ணிகூடக் கூடாது."

கலைமணி தலையாட்டினாள். கோகிலாவுக்கு மலையில் பஸ் எப்படி இறங்கும் என்று தெரியும். அந்த நிமிடத்தில் நினைவில்லை.*

* எனக்கும் நினைவில்லை. அடுத்த பகுதியை எழுதத் தொடங்கிய பிறகுதான் பேருந்து குறுக்கே வந்தது.

4

கொல்லிமலைச் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். மலைக்காரர்கள் வெறும் வயிற்றோடு பஸ் ஏறுவதில்லை. ஏறினால் பித்தம் கிளம்பும் என்பார்கள். எதையாவது கொஞ்சம் வாயில் போட்டுக்கொண்டுதான் ஏறுவார்கள். கலைமணி டாக்டர் சொன்னபடி செய்தாள். விடியக்காலையில் முதல் பஸ், தண்ணீர்கூடக் குடிக்காத குழந்தை, மடியில் ஒரு பிளாஸ்டிக் பை.

பாதி மலை இறங்குவதற்குள் பூங்குழலி பையைப் பிடித்துக்கொண்டாள். சோறு இல்லாத வாந்தி. மஞ்சளும் கோழையுமாக வந்தது.

கண்டக்டர் வேல்முருகன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். கலைமணி வேண்டாம் என்று கையசைத்தாள்.

"ஏம்மா, புள்ளைக்கு எதாவது குடுத்து ஏத்தக் கூடாதா?"

"குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கண்ணா."

"எவன் சொன்னான்?"

"டாக்டருங்க."

"அந்த டாக்டர ஒரு நாளைக்கு என் பஸ்ல கூட்டியா. வெறும் வயித்தோட."

முன் சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கலைமணிக்கும் சிரிப்பு வந்தது. பையை முடிச்சுப் போட்டு ஜன்னல் வழியாக வீசினாள். தேடிய பொருள் காட்டுக்குள் போய்விட்டது. அதைக் குரங்குகள்—

[குரங்குகளை நீக்கிவிட்டேன்.]

"கக்கிட்டாளா?" என்றாள் கோகிலா.

"ஆமாங்க."

"எங்க?"

"வளைவுலங்க."

இரண்டாம் முறையும் வளைவில்தான். அன்று கலைமணி தானும் சாப்பிடாமல் ஏறியிருந்தாள். பிள்ளைக்குத் துணையாக இருக்கட்டும் என்று. அதனால் இருவரும் கக்கினார்கள்.

வாசகர் இப்போது கேட்பார்: முந்தின நாளே இறங்கி வார்டில் ஒரு ராத்திரி தங்கினால் என்ன? கோகிலாவும் அதையேதான் கேட்டாள், குரலைச் சற்று உயர்த்தி. கலைமணி தரையைப் பார்த்தாள். வார்டுக்கு மலையிலிருந்து யாராவது எந்நேரமும் வந்துகொண்டிருப்பார்கள். காச நோய்க் கட்டிலில் கிடந்த பிள்ளை என்று ஊரில் பேர் விழுந்துவிடும்.

"நாளைக்கு இவளக் கட்டிக் குடுக்கணுமில்லீங்க."

"யார?"

"பாப்பாவத்தானுங்க."

நான்கு வயதுக் குழந்தையின் கல்யாணம். ஊரே அதற்காகக் கவலைப்படும் என்று கலைமணி நினைத்தாள். சரியாகவும் நினைத்தாள். நுரையீரலுக்காகக் கவலைப்பட அந்த அறையில் இரண்டு பேர்தான் இருந்தார்கள், அவர்களும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

5

இந்த இடத்தில் கதை நின்றுவிட்டது. கலைமணியை எனக்குப் பிடிக்காமல் போயிற்று. இவளை மாற்றலாமா? வார்டில் தங்குகிற, கேட்டதற்கெல்லாம் சரி என்கிற ஒரு தாய்? எழுதிப் பார்த்தேன். 'கலைமணி கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, சரிங்க டாக்டர், என் பொண்ணு பொழச்சா போதும் என்—'

இல்லை. இவளை எந்த ஆஸ்பத்திரியிலும் நான் பார்த்ததில்லை. சுவரொட்டியில் பார்த்திருக்கிறேன்.

பழைய கலைமணியையே திரும்ப அழைத்தேன். அவள் வந்து பிடிவாதமாக உட்கார்ந்தாள். பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். வளைவுகள் முடிகிற இடத்துக்குக் கீழே, காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு வீடு இருக்கிறது. அங்கே ராத்திரி படுத்தால் காலையில் நேர்ரோடுதான்.

டாக்டருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. சந்தோஷப்பட்டேன். கொஞ்ச நேரம்.

6

காளப்பநாயக்கன்பட்டியில் அப்துல் கரீம் மிளகு வாங்கி விற்கிறவர். வளப்பூர் நாட்டிலிருந்து மூட்டை இறங்கும்போதெல்லாம் கலைமணி அவர் கடைக்கு வருவாள். கடைக்குப் பின்னால் வீடு. அவர் மனைவி தில்ஷாத் பேகம் எடை போட்டு முடிவதற்குள் உள்ளே இழுத்துப்போய் எதையாவது தின்ன வைத்துவிடுவாள். அந்த வீட்டில் சாப்பிடாமல் யாரும் வெளியே வந்ததாகக் கதை இல்லை.

[இந்த வரியிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.]

"ராத்தங்கறதுக்கு இவ்வளவு தயங்குவியா கலை? உன் ஊடு மாதிரி நெனச்சுக்க" என்றாள் தில்ஷாத்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு. காலையில பாப்பா வெறும் வயிறா இருக்கணும். தண்ணிகூடக் கூடாதாம்."

"தண்ணிகூடக் கூடாதுன்னா எங்களுக்குத் தெரியாதா? நோம்பு மாசத்துல வந்து எங்களுக்கே சொல்லித் தர்றியா?"

இருவரும் சிரித்தார்கள். நான்கு நாட்களாக மிளகு உதிர்த்த களைப்பில் கலைமணி படுத்ததும் தூங்கிப்போனாள்.

அடுத்து, வராந்தா. நான் நேரில் பார்த்த இடம்.

கோகிலா குழாயை எடுத்து வைத்துவிட்டு, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள். "எதுவும் சாப்பிடலையே?"

"சுத்தமா இல்லீங்க" என்றாள் தில்ஷாத் பெருமையோடு. கூடவே வந்திருந்தாள். "பாங்கு சொன்னதுக்கப்புறம் ஒரு சொட்டு எறங்கல. அழுதா. நான் குடுக்கல."

"பாங்கு சொன்னதுக்கப்புறம்னா?"

"விடியறப்ப."

"அதுக்கு முன்னால?"

தில்ஷாத்தின் முகம் மெல்ல மாறியது.

"முன்னாலன்னா... சஹர் சாப்பாட்டுக்கு எல்லாரும் எந்திரிச்சமுங்க. பாத்திரச் சத்தத்துல பாப்பாவும் எந்திரிச்சு வந்துருச்சு. எங்க பொண்ணு நஸ்லின் பக்கத்துல தட்டப் போட்டு உக்காந்துக்குச்சு. பகலெல்லாம் பட்டினி கெடக்கப்போற புள்ளையாச்சேன்னு நல்லா..."

கோகிலா நெற்றியில் கை வைத்தாள்.

அந்த வீட்டில் அந்த மாதத்தில் வெறும் வயிறு என்பது விடிந்த பிறகு தொடங்குவது. விடிவதற்கு முன்னால் ஒரு பிள்ளையைச் சாப்பிட விடாமல் வைப்பது கொடுமை. தில்ஷாத் விதி எதையும் மீறவில்லை. தன் பிள்ளைக்குச் செய்வதை இந்தப் பிள்ளைக்கும் செய்தாள்.

"அய்யோ, அறிவு கெட்டவ நான். கலை, என்ன மன்னிச்சிரு. ஒன்ன எழுப்பிக் கேட்டிருக்கணும். அசந்து கெடந்தியே, மனசு வரல..."

கலைமணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டாள்:

"எத்தன சாப்ட்டா?"

"என்ன?"

"பாப்பா. எத்தன சாப்ட்டா?"

"ரெண்டு இட்லி. கொஞ்சம் கறிக்கொழம்பு. நஸ்லின் தட்டுல இருந்து பாதி முட்ட."

"ரெண்டு இட்லியா? அவளாவா?"

"அவளாத்தான். நான் ஊட்டல."

பொங்கலுக்குப் பிறகு பூங்குழலி தானாக எடுத்துச் சாப்பிட்டதில்லை. கலைமணி பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். "முட்டையுமா சாப்ட்ட? எனக்கு வெக்கலியா சாமி?" என்றாள். பூங்குழலி முகத்தை அம்மாவின் தோளில் புதைத்தாள்.

கோகிலா கத்த வாயெடுத்தாள். கத்தவில்லை. குழாயைத் திரும்ப உறையில் போட்டாள்.

7

இங்கே முடித்துவிடலாம் என்றுதான் முதலில் இருந்தேன். தாய், இட்லி, தோள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குழந்தைக்கு இன்னும் மருந்து தொடங்கவில்லை. வாசகருக்கு நெஞ்சு நிறைந்துவிடும், பூங்குழலியின் நெஞ்சு அப்படியே இருக்கும்.

அதனால் கலைமணியின் செல்போனை அடிக்க வைத்தேன்.

அவள் கணவன் சதீஷ்குமார். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியில் வேலை. வடக்கே எங்கோ பாறையைத் துளைத்துக்கொண்டிருந்தான். மழைக்காலத்தில் வண்டி ஓடாது. அப்போது வீட்டுக்கு வருவான்.

"சாமி, பாப்பாவப் பார்த்தாங்களா?" பின்னால் எந்திரச் சத்தம். "என்ன சொன்—"

இருமினான். நிறுத்த முடியாமல் இருமினான். கலைமணி போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்து, அது ஓயும்வரை காத்திருந்தாள். அவள் காத்திருந்த விதத்தைக் கோகிலா பார்த்தாள். பழகியவள் காத்திருக்கும் விதம்.

"ஸ்பீக்கர்ல போடு."

"ஏனுங்க?"

"போடும்மா." கோகிலா குனிந்து பேசினாள். "நான் டாக்டர் பேசறேன். எவ்வளவு நாளா இந்த இருமல்?"

"இதுங்களா? இது போர் வண்டி இருமலுங்க. கல்லுத் தூசி. வண்டியில எல்லாருக்கும் இருக்குதுங்க."

கோகிலா கண்களை மூடிக்கொண்டாள். "எல்லாருக்குமா?"

"ஆமாங்க. புதுசா வந்தவனுக்குத்தான் இன்னும் வரல."

கோகிலா கலைமணியின் பக்கம் திரும்பினாள். "நான் எத்தன தடவ கேட்டேன்? ஊட்டுல யாருக்காச்சும் இருமல் இருக்குதான்னு?"

"ஊட்டுல இல்லீங்களே. அவுரு வண்டியிலதான இருக்காரு. அதுவுமில்லாம அது தூசிங்க. நோவு இல்லீங்க."

கலைமணி பொய் சொல்லவில்லை. மலையில் போர் வண்டிக்குப் போகிற எல்லா ஆண்களும் இருமிக்கொண்டுதான் திரும்புகிறார்கள். கை காய்ப்பு மாதிரி அது வேலையோடு வருவது.

"மழைக்கு ஊட்டுக்கு வந்தப்ப பாப்பா யார்கிட்டப் படுத்தா?"

குளிருக்கு ஜன்னலைச் சாத்தி, தீ மூட்டி, அப்பன் நெஞ்சின் மேல் பிள்ளையைப் படுக்க வைத்தவள் கலைமணிதான். அவனை வருஷமெல்லாம் பார்க்காத பிள்ளை. இறங்கவே மாட்டேன் என்றது.

தெரியும். தேவைப்பட்ட நேரத்தில் போன் அடிப்பதும் அதில் இருமல் கேட்பதும் கதைக்கு மிகவும் வசதியானவை. வராந்தாவில் எந்தப் போனும் அடிக்கவில்லை. இந்தப் பகுதியை மூன்று முறை அடித்து நீக்கினேன். அடித்த ஒவ்வொரு முறையும் குழந்தை மருந்து இல்லாமல் மலையேறியது. ஆகவே திரும்ப எழுதினேன். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் தாண்டிவிடுங்கள். ஆனால் மருந்தைத் தாண்டாதீர்கள்.

8

எக்ஸ்ரே, ஏறாத எடை, இருமும் தகப்பன். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் போதும் என்று கோகிலா முடிவு செய்தாள். குழாயில் எடுத்திருந்தாலும் பாதிக் குழந்தைகளுக்கு மேல் கிருமி அகப்படாது என்பது அவளுக்குத் தெரியும். அதற்காகத்தான் இத்தனை பாடு என்பதை நினைத்தபோது அவளுக்கு யார் மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை.

சதீஷ்குமாரை இருக்கிற ஊரிலேயே போய்ச் சளியைச் சோதிக்கச் சொன்னாள். வண்டியில் இருப்பவர்களையும் கூட்டிப்போகச் சொன்னாள். "வேல நின்னுருமுங்களே" என்றது போன். "மூச்சு நின்னா?" என்றாள் கோகிலா.

"சின்னவனையும் அடுத்த தடவ கூட்டியா. அவனும் அப்பன்கூடத்தான படுத்தான்?"

"அவன் கொழுகொழுன்னு இருக்கானுங்க. நாத்தனார் அத்தாயிகிட்ட உட்டுட்டு வந்திருக்கேன். ஒண்ணுமில்லீங்க அவனுக்கு."

"ஒண்ணுமில்லைன்னு பார்த்து உறுதியானா, வராம இருக்க அவனுக்கும் மாத்திர உண்டு."

"நோவு இல்லாதவனுக்கு மாத்திரையா?"

"அம்ம ஊசி நோவு வந்தப்புறமா போட்டீங்க?"

கலைமணி யோசித்தாள். அது அவளுக்குச் சரியாகப் பட்டது.

"எங்க புள்ளைங்க இவகூட உக்காந்து சாப்ட்டாங்களே" என்றாள் தில்ஷாத் தயங்கி.

"இவகிட்ட இருந்து பரவறது ரொம்ப அபூர்வம். வெளிய இருமித் துப்பற பலம் இந்த வயசுல இல்ல. பயப்படாதீங்க." பிறகு கலைமணியிடம்: "இது தண்ணில கரையற மாத்திர. நாளையில இருந்து தெனமும் காலையில, சாப்பாட்டுக்கு முன்னால—"

"சஹருக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்றாள் தில்ஷாத்.

கோகிலா அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

"இன்னொண்ணு. குடுத்து அரை மணி நேரத்துக்குள்ள கக்கிட்டா திரும்பக் குடு. ஒத்துக்கலைன்னு நீயா நிறுத்தாத. பத்து நாள்ல தேறிட்டா தேறிட்டாளேன்னும் நிறுத்தாத. ஆறு மாசம்."

"சரிங்க."

9

முடிவுகள்.

(அ) ஆறு மாதம் கழித்துப் பூங்குழலி மிளகுப் பாயைத் தாண்டிக் குதிக்கிறாள். சுவரொட்டி முடிவு. ஆனால் நடக்கக்கூடியது, மருந்து நல்ல மருந்து.

(ஆ) சதீஷ்குமார் சோதிக்காமல் அடுத்த மழைக்கு வீடு வருகிறான். குளிர். ஜன்னல் சாத்தியிருக்கிறது. சின்னவன் அப்பனின் நெஞ்சில்—

இதை முடிக்க மாட்டேன்.

(இ) இதை நான் எழுதவில்லை. கலைமணி செய்துவிட்டாள்.

மத்தியானம் திரும்பும் வழியில் காளப்பநாயக்கன்பட்டியில் இறங்கி, தில்ஷாத் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டாள். மாத்திரையைப் போட்டாள். அது கரைந்து மிட்டாய் வாசனை வந்தது.

"நாளைக்குக் காலையிலன்னுதான சொன்னாங்க?" என்றாள் தில்ஷாத்.

"நாளைக்கு வரைக்கும் எதுக்குக்கா? பொங்கல்ல இருந்து காத்துட்டு இருக்கேன்."

பூங்குழலி குடித்துவிட்டு உதட்டை நக்கினாள். வெளியே வேல்முருகன் விசிலடித்தார். மலைக்கு அடுத்த பஸ் சாயங்காலம்தான். கலைமணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி ஏறினாள்.

முதல் வளைவுக்கு அரை மணி நேரம் ஆகாது.

பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நடந்தேன். இவ்வளவு எழுதிய பிறகு இவள் இப்படிச் செய்யலாமா? பிள்ளை வளைவில் கக்கினால், பஸ்ஸில் யாராவது ஒருவர் சொல்வார். கெட்ட எண்ணத்தோடு இல்லை, அக்கறையோடு சொல்வார்: "மருந்து ஒத்துக்கலயாட்டம் இருக்குது." கோகிலாவின் குரல் கீழே இருக்கும். இந்தக் குரல் பக்கத்துச் சீட்டில் இருக்கும். கலைமணி எதைக் கேட்பாள்? மாத்திரை அட்டைகள் ஏதாவது ஒரு கூரை எரவாணத்தில் செருகப்படும். அவ்வளவுதான், கதை முடிந்துவிடும், இரத்தப் புள்ளி எதுவும் இல்லாமலே.

என்னால் இதைத் தடுக்க முடியாது. நான் பஸ்ஸில் இல்லை.

நீங்கள் இருக்கிறீர்கள். முதல் பக்கத்திலிருந்து கூடவே வந்தவர் நீங்கள்தான். பஸ் நிறைந்திருக்கிறது. கலைமணி கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பிள்ளை அவள் தோளில், முகம் ஏற்கெனவே வெளுக்கத் தொடங்கிவிட்டது. உங்களிடம் ஜன்னலோர சீட் இருக்கிறது. காற்று நன்றாக வருகிறது. அவள் கேட்க மாட்டாள். நீங்களாக எழுந்திருக்க வேண்டும்.

எழுந்தாலும் பிள்ளை கக்கலாம். அப்படியானால் சொல்லுங்கள், இன்னொரு மாத்திரை கரைத்துக் கொடு என்று. என் தண்ணீர் இருக்கிறது என்று. மற்ற வாக்கியத்தைச் சொல்ல ஒருவர் பின்சீட்டில் வாயெடுக்கிறார்.

முதல் வளைவின் பலகை தெரிகிறது.